ஏறுகிற வண்டிக்கு வழி

வேனை விற்பதற்கு நாள் குறித்த பிறகுதான் நாங்கள் அதில் குடியேறினோம். யோசனை என்னுடையது. கிறுக்குப் பட்டமும் எனக்குத்தான் கிடைத்தது. கிடைத்தால் கிடைக்கட்டும்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டினார். பிறகு எனக்காக ஹட்டன் பக்கம் வந்து இன்னொரு தோட்டத்தில் அதே வேலை. மொத்தம் இருபத்தாறு வருடம். கடைசியில் சொந்தமாக ஒரு பழைய வேனை வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். அவர் வேனில் ஏறிய எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டிலும் டீச்சர்தான்.

ஆவணியில் ஒரு மத்தியானம், ஹட்டன் டவுனுக்குப் பக்கத்தில் ஓர் ஒடுக்கமான ரோட்டில், வேனைப் பின்னுக்கு எடுத்து மதிலில் இடித்துவிட்டார். பின்விளக்கு உடைந்தது, கதவில் ஒரு நெளிவு. அவ்வளவுதான். வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஆனால் கொழும்பில் இருக்கும் எங்கள் மகனுக்குச் செய்தி போய்விட்டது. அன்றைக்கே போனில் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவுக்கு வயசாகிருச்சும்மா. கண்ணு தெரியல, கை நிக்கல. இனிமே வண்டியத் தொட விடாதீங்க."

கண்ணைக் காட்டினோம். கண்ணாடியை மாற்றித் தந்த டாக்டர், தாராளமாக ஓட்டலாம் என்றார். மகன் கேட்கவில்லை. கினிகத்தேனையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் பேசி, தீபாவளி கழிந்த அடுத்த திங்கட்கிழமை வந்து வேனை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். பிள்ளைகளின் அம்மாமாரிடமும் அவனே போனில் பேசி, பிள்ளைகளை வேறொரு வேனுக்கு மாற்றிவிட்டான். இவ்வளவுக்கும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு மணிநேரம் பேசுகிற மனுஷன், "சரி, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். வேன் போவது கூட எனக்குப் பெரிதில்லை. அந்த 'சரி'தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"திங்கக்கிழமை குடுக்கிறதுன்னா குடுங்க" என்றேன். "அதுக்கு முந்தின நாலு நாளு வேன் எனக்கு. கந்தப்பளைக்கு மேல அந்த மடுவம், மடுவம்னு கல்யாணமான நாள்லருந்து சொல்றீங்கல்ல, அத நான் பாக்கணும். நீங்கதான் ஓட்டணும்."

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. இளவயதில் அவர் ஓட்டிய அந்தத் தோட்டத்தின் உச்சியில் ஒன்று இருந்ததாம். மத்தியானம் லொறியை அங்கே நிறுத்திச் சோற்று டப்பாவைத் திறந்தால், நாலு பக்க மலையும் வந்து பக்கத்தில் உட்காரும் என்பார். லயம் என்ற வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவிலும், தேயிலை ஸ்டோரிலும் காலம் தள்ளிய மனுஷனுக்குத் தன் இடம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதைக் காட்டாமலே சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார் என்றால், அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வேனின் ஆசனங்களைக் கழற்றினோம். பலகை அடித்து மெத்தை போட்டோம். ஒற்றை அடுப்பு, சின்ன கேஸ் சிலிண்டர், இரண்டு கேன் தண்ணீர், என் பழைய சேலையைக் கிழித்துத் தைத்த திரைச்சீலை. பின்கண்ணாடியில் 'பாடசாலைச் சேவை' என்று இரண்டு பாஷையிலும் எழுதியிருந்ததை அவர் சுரண்டப் போனார். இருக்கட்டும் என்றேன். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "வீடு இருக்கப்ப வேன்ல போயிப் படுக்கிறீங்களே, புதுசாக் கல்யாணம் கட்டினவங்கன்னு நெனப்பா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது? வெள்ளைக்காரர்கள் வேனில் படுத்து, வேனில் சமைத்து, ரோட்டோரத்தில் பல் விளக்கினால் அதற்குப் பெயர் சுற்றுலா. நாங்கள் செய்தால் மூளை பிசகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் புறப்பட்டோம். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா. ஐப்பசி மாதம், காலையில் வெயில் காட்டிவிட்டு மத்தியானத்தோடு மழை பிடித்துக்கொள்ளும். அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பஸ்காரனுக்கு ஒதுங்கினார், சரி. த்ரீவீலுக்கு ஒதுங்கினார். மரக்கறி மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கினார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நுவரெலியாவில் வாவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சாயந்திரம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு காவலாளி வந்து, இங்கே தங்கக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். எங்கே எழுதியிருக்கிறது என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். அவர் டோர்ச்சை அடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பலகை தேடினார். எங்கள் வேனுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் இன்னொரு வேனுக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். "அவங்களுக்கும் சொல்லிட்டு வாங்க, நாங்களும் கெளம்புறோம்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் எங்கள் ரொட்டி இரண்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் மட்டும் பயந்துபோய், வேனை எடுத்துவிடலாமா என்று மூன்று தடவை கேட்டார்.

மறுநாள் மார்க்கெட்டில் கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு கந்தப்பளைக்குப் போனோம். டவுனைத் தாண்டி இடது பக்கம் பிரிந்து தேயிலைக்குள் ஏறுகிற ரோடு. ஒரு காலத்தில் தோட்டத்து மண் ரோடு. இப்போது பிரதேச சபை கொங்கிரீட் போட்டுவிட்டதால் யார் வேண்டுமானாலும் போகலாம். அகலம் ஒரே வண்டிக்குத்தான். இடது பக்கம் மண்மேடு, அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். வலது பக்கம் பள்ளம்.

மலை ரோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால், இறங்கி வருகிறவன்தான் பின்னுக்குப் போய் ஒதுங்க வேண்டும். பஸ்காரன், லொறிக்காரன், யாரும் இதை மீறமாட்டான். என் வீட்டுக்காரர் எத்தனையோ பேருக்கு வண்டி பழக்கியபோது முதலில் சொன்ன பாடம் இதுதான். ஆனால் தோட்டத்துக்குள் அந்தச் சட்டத்தைவிடப் பெரிய ஒன்று இருந்தது: தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப். ஜீப் மேலே வந்தாலும் கீழே வந்தாலும் மற்றவர்கள்தான் விலக வேண்டும். லொறி பின்னுக்குப் போகும். நடக்கிறவர்கள் கானுக்குள் இறங்குவார்கள். கொட்டுகிற மழையில் ஜீப் சத்தம் கேட்டதும், தோட்டத்தில் கொழுந்து எடுத்த என் அம்மா குடையை மடக்கிக்கொண்டு நனைந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மடக்கச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. அம்மா மடக்கினாள், எல்லோரும் மடக்கினார்கள்.

பாதி ஏற்றத்தில், மேல் வளைவில் பச்சை ஜீப் ஒன்று இறங்கி வந்தது. அதற்குப் பின்னால் பத்து அடியில் ஒதுங்க நல்ல இடம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் கால் மைலுக்கு ஒன்றுமில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேன் பின்னுக்குப் போகத் தொடங்கிவிட்டது. அவர் யோசிக்கவே இல்லை. கை தானாக ரிவர்ஸைப் போட்டது. "ஏங்க, நம்ம ஏறுறோம்ங்க" என்றேன். காதில் விழவில்லை. முகம் வெளுத்து, கண்ணாடியைப் பார்க்காமல் ஜீப்பையே பார்த்துக்கொண்டு பின்னுக்குப் போனார். வளைவில் இடது பின்டயர் கானுக்குள் இறங்கியது. என் கரட்டெல்லாம் உருண்டு மெத்தைக்கு அடியில் போனது.

வேன் சாய்ந்ததில் வலது பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்க, ஜீப் உரசாமல் இறங்கிப் போய்விட்டது. உள்ளே இருந்த இளம் துரை போனில் பேசிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

காலைக் கொழுந்தை நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து வேனைத் தூக்கிவிட்டார்கள். ஒருத்தி திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, லயத்துக் காம்பராவுக்கு டயர் மாட்டிட்டீங்களா?" என்றாள். "எங்க காம்பராவுக்கு சன்னலு அதிகம்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கானுக்குள் நின்று நெளிந்த கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

கந்தப்பளைக்கே திரும்பி வந்து, டவுன் ஓரத்தில் ஒரு மைதானத்தில் நிறுத்தினோம். அவர் சாவியைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"மகன் சொன்னது சரி டீச்சர். என்னால முடியல. நாளைக்கு யாராவது டிரைவரப் புடிச்சு வீட்டுக்குப் போயிருவோம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "என்ன முடியல? கண்ணு தெரியலயா? அந்த ஜீப்பு எத்தன கெஜத்துல வந்துச்சு, சொல்லுங்க."

"நாப்பது கெஜம் இருக்கும்."

"என்ன கலரு?"

"பச்ச."

"கண்ணு தெரியுது. கை நடுங்குச்சா?"

"இல்ல."

"பொறகு ஏன் ரிவர்ஸ் போட்டீங்க?"

அவர் சட்டையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். நானும் விடவில்லை, முப்பது வருடம் டீச்சராக இருந்தவள் பதில் வராமல் விடமாட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தபோதுதான் ஒன்று சுருக்கென்று தைத்தது.

"அன்னைக்கு ஹட்டன்ல மதிலுல இடிச்சீங்கல்ல. அப்ப முன்னுக்கு என்ன வந்துச்சு?"

அவர் மைதானத்தைப் பார்த்தார்.

"ஒரு ஜீப்பு" என்றார்.

"ஏறிக்கிட்டு இருந்தது யாரு?"

"நான்தான்."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணும் இல்லை, கையும் இல்லை, வயதும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் அவர் காலுக்குள் அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. அதற்காக வேனை விற்கிறோம், ஸ்கூல் பிள்ளைகளை அனுப்பிவிட்டோம், இந்த மனுஷன் ஆணியில் சாவியை மாட்டிவிட்டு மூலையில் உட்காரப் போகிறார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது, அவரை இப்படிப் பழக்கியவர்கள் மேல் அதைவிடக் கோபமாக வந்தது, குடையை மடக்கிய என் அம்மா மேலும் வந்தது.

"நாளைக்கு மறுபடி ஏறுறோம்" என்றேன். "ரிவர்ஸ் போட்டீங்கன்னா நான் எறங்கி நடந்து போயிருவேன். பொறகு ஒங்க சோத்த நீங்களே ஆக்கிக்கங்க."

"அவரு தொரை, டீச்சர்."

"யாருக்குத் தொரை? நீங்க இப்ப யார் பெரட்டுல நிக்கிறீங்க?"

பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிப்பது. அதில் அவர் நின்று வருடங்களாகிவிட்டன. அவர் நான் உரித்த வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலையில் நான் எழும்பும்போது அவர் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்கில் டீயை ஊற்றி எடுத்துக்கொண்டேன். அதே ரோடு, அதே ஏற்றம். ஜீப் வராமல் இருந்தால் நல்லது என்று அவர் நினைத்திருப்பார். வரவேண்டும் என்று நான் நினைத்தேன். வந்தது. மலை சுற்றிப் பார்த்துவிட்டு துரை இறங்குகிற நேரம் அதுதான். நேற்றைக்கு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, அதே பச்சை நிறம்.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. அவர் கை கியரில் இருந்தது. கை அசைந்தது. அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். என்ஜினை நிறுத்தினார்.

"டீ இருக்கா?" என்று கேட்டார்.

ஊற்றிக் கொடுத்தேன். ஜீப் ஹோர்ன் அடித்தது. இவர் ஒரு வாய் குடித்தார். மறுபடி அடித்தது. இரண்டாவது வாய். தேயிலைக்குள் நின்ற பெண்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "நேத்து வந்த வேனுடி. டீ குடிக்கிறாங்கடி" என்று ஒருத்தி சொல்வது கேட்டது.

ஜீப்பின் டிரைவர் இறங்கி வந்தான். எங்கள் தமிழ் ஆள்தான், நாற்பது வயது இருக்கும். "அண்ணே, தொரை வண்டிண்ணே" என்றான் மெதுவாக.

"தெரியும் தம்பி. ஏறுற வண்டிக்குத்தானே வழி."

"நான் என்னண்ணே செய்யிறது. நீங்க கொஞ்சம் பின்னுக்குப் போனீங்கன்னா..."

"இருவத்தாறு வருஷமா கொஞ்சங் கொஞ்சமாப் பின்னுக்குப் போயிட்டேன் தம்பி. இனி போறதுக்கு எடம் இல்ல."

டிரைவர் திரும்பிப் பார்த்தான். துரை இறங்கி வந்தார். எங்கள் மகன் வயது. என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். என் வீட்டுக்காரர் ஆசனத்தை விட்டு எழும்பவில்லை. டீக் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை. பிரச்சினை ஒன்றுமில்லை மாத்தயா, நான் ஏறுகிறேன், உங்களுக்குப் பின்னால் பத்து அடியில் இடம் இருக்கிறது, எனக்குப் பின்னால் கால் மைலுக்கு இல்லை என்று நல்ல சிங்களத்தில் சொன்னார்.

துரை திரும்பி மேலே பார்த்தார். குனிந்து எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "சரி, அது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் டிரைவரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த அரை நிமிஷத்துக்காகவா இத்தனை வருடம்? ஆனால் நான் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தக் காலத்தில் இப்படி நின்றிருந்தால் சாயந்திரமே வேலை போயிருக்கும், லயத்துக் காம்பராவும் போயிருக்கும். அவர் கோழையாக இருந்து ஒதுங்கவில்லை. எங்களுக்குச் சோறு போட ஒதுங்கினார். இது நேற்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜீப் ஒதுங்கி நின்றது. எங்கள் வேன் அதைக் கடந்தபோது அதன் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். இவரும் இரண்டு விரலைத் தூக்கினார். அதற்குப் பிறகு ஒரு வளைவிலும் பிரேக்கை மிதித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

உச்சியில் மடுவம் இருந்தது. கூரைத் தகரம் புதிது. மலை எதுவும் தெரியவில்லை. நாலு பக்கமும் பனி மூடி, பத்தடிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது.

"சே, ஒனக்குக் காட்டணும்னு வந்தேனே" என்றார்.

"எனக்கு அவசரமில்ல. வெளுக்கிற வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்" என்றேன்.

அவர் மடுவத்துத் திண்டில் உட்கார்ந்து, என் போனை வாங்கி, முதலில் கினிகத்தேனைக்குப் பேசினார். "மன்னிச்சுக்கங்க மொதலாளி. வேன் ஓட்டத்துல இருக்கு. குடுக்கிற எண்ணம் இல்ல." அந்தப் பக்கம் பெரியவர் சிரித்துவிட்டு, நல்லா ஓட்டுங்க என்று சொன்னது எனக்கே கேட்டது. மகனிடம் நீயே சொல்லிவிடு என்று போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரே நம்பரை அழுத்தினார்.

மகன் வழக்கம்போல் ஆரம்பித்திருப்பான். அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"மதிலுல இடிச்சது கண்ணு இல்லடா. அது பழைய பயம். இன்னைக்குக் காலையில அத எறக்கிட்டேன். திங்கக்கிழமையிலருந்து ஸ்கூலுக்கு ஓடுறேன், நம்ம வேன் புள்ளைகளோட அம்மாமாருக்கு நீயே சொல்லிரு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பனிக்குள் வேனின் பின்கதவைத் திறந்து, சோற்றுக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.